தண்ணீர் போதும்

பத்தொன்பது வயதில் தினமும் இரண்டு வேளை டெட்டோல் ஊற்றிக் கழுவினேன். எதை என்று உடனே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் குறை சொல்லப்போகிறவர்களைப் போலவே இந்தக் கட்டுரையும் சுற்றிச் சுற்றி வரும். ஆணுறுப்பை.

பல்கலைக்கழக விடுதியில் இரண்டாம் செமஸ்டர். ஒருநாள் குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். மொட்டின் விளிம்பைச் சுற்றி ஊசிமுனை அளவில் வெள்ளைப் புடைப்புகள், வரிசையாக, யாரோ அளந்து வைத்த மாதிரி. அவை அன்றுதான் வந்தனவா, பல வருடங்களாக இருந்தனவா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என் உடம்பில் நான் ஒழுங்காகப் பார்த்தே இராத இடம் அது.

அன்றிரவு தூக்கமில்லை. அதுவரை நான் எந்தப் பெண்ணின் கையையும் பிடித்ததில்லை. பால்வினை நோய் வர வழியே இல்லை. கால்குலஸில் ஏ வாங்கியவனுக்கு இது புரிய வேண்டும். புரியவில்லை. மனம் நேராகக் குற்றத்தைத் தேடிப் போனது. கைப்பழக்கம் இருந்தது. ‘இளமையில் செய்த தவறு’ என்று ஆரம்பிக்கும் லாட்ஜ் வைத்தியர் விளம்பரங்களைத் தமிழ்நாட்டு வார இதழ்களில் சின்ன வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அந்தத் தவறு இதுதான், அந்தத் தண்டனையும் இதுதான் என்று முடிவுசெய்துகொண்டேன். மறுநாள் கடைக்குப் போய் டெட்டோல் வாங்கினேன்.

தோல் சிவந்தது, உரிந்தது, எரிந்தது. எரிச்சலைப் பார்த்து நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன். பின்னூட்டம் தலைகீழாக இணைக்கப்பட்ட கட்டுப்பாட்டுச் சுற்று எப்படித் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும் என்று மூன்றாம் ஆண்டில் பாடம் நடந்தபோது, வகுப்பில் நான் மட்டும் சிரித்தேன். எட்டு மாதம் அப்படி ஓடியது. அறைத்தோழனிடம் சொல்லவில்லை. வீட்டில் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை அம்மா போனில் “சாப்பிட்டியா, குளிச்சியா” என்று கேட்பார். குளித்தேன் என்று சொல்வேன். அது உண்மைதான்.

கடைசியில் வலி தாங்காமல்தான் மருத்துவரிடம் போனேன். அப்பா வயதிருக்கும் மலாய்க்காரர். அரை நிமிடம் பார்த்தார். “நார்மல் லா, டிக்” என்றார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது இப்போது தேவைப்படலாம். மொட்டின் விளிம்பில் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் அந்தப் புடைப்புகளுக்குப் பெர்லி பினைல் பாப்யூல்ஸ் என்று பெயர். முத்து மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். நோயல்ல. ஒட்டாது, பரவாது. அழுக்கால் வருவதும் இல்லை, பாவத்தால் வருவதும் இல்லை. இளவயது ஆண்களில் நிறையப் பேருக்கு இருக்கும். முன்தோல் இருப்பவர்களிடம் கொஞ்சம் அதிகமாகக் காணப்படும். எச்பிவி கிருமியால் வரும் மரு வேறு. அது இப்படி வரிசை கட்டி நிற்காது. பெரிதும் சிறிதுமாக, பூக்கோசு மாதிரி வளரும். தண்டுப் பகுதியில் தோலுக்கு அடியில் தெரியும் மஞ்சள் நிறப் புள்ளிகள் வெறும் எண்ணெய்ச் சுரப்பிகள். முன்தோலுக்கு உள்ளே சேரும் வெள்ளை மாவு மாதிரியான பொருள், உதிர்ந்த தோல் செல்களும் எண்ணெயும் கலந்தது. அதற்கு ஸ்மெக்மா என்று பெயர். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குச் சோப்பு என்று பொருள் என்பதைப் பின்னால் படித்தேன். நாம் அழுக்கு என்று கூசுகிற பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் சோப்பு!

பயப்பட வேண்டியவை எவை என்றும் சொன்னார். ஆறாத புண். தொட்டால் கெட்டியாக இருக்கும், நாளுக்கு நாள் வளரும் கட்டி. இரத்தக் கசிவு. கழுவிய பிறகும் போகாத துர்நாற்றம். முன்பு பின்னுக்குப் போய்க்கொண்டிருந்த தோல் இப்போது போக மறுப்பது. பின்னுக்குத் தள்ளிய தோல் திரும்ப முன்னால் வராமல் இறுகிக்கொண்டு மொட்டு வீங்கினால், காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். ஆணுறுப்புப் புற்றுநோய் அரிது. ஆனால் இறுகிய முன்தோல், அதற்குள் ஆண்டுக்கணக்கில் நிற்கும் அழற்சி, எச்பிவி, சிகரெட் ஆகிய நான்கும் அதன் வாய்ப்பைக் கூட்டும்.

பிறகு எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். “ஆயர் சாஜா. சுக்குப்.” தண்ணீர் மட்டும், போதும். தோலை மெதுவாகப் பின்னுக்கு இழு, தண்ணீரால் கழுவு, ஈரத்தை ஒற்றி எடு, தோலைத் திரும்ப முன்னால் கொண்டு வா. உள்ளே சோப்பு போட்டுத் தேய்க்காதே, டெட்டோலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதே. பத்து விநாடி வேலை.

நான் எழுந்தபோது சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார்: “அப்பா சொல்லித் தரவில்லையா?”

பத்தாண்டாகப் போகிறது. அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. என் அப்பா பொறுப்பில்லாதவர் அல்லர். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவதிலிருந்து, டயர் பஞ்சரானால் ஜாக்கை எங்கே வைக்க வேண்டும் என்பது வரை சொல்லித் தந்தவர். இதை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அவர் அப்பா சொல்லவில்லை. தோட்டத்துப் பொதுக்குழாயில் சாரத்தைக் கட்டிக்கொண்டு பத்துப் பேருக்கு நடுவில் குளித்த தலைமுறை அது. அங்கே யார், எப்போது, எதைத் தூக்கிக் காட்டிச் சொல்லியிருக்க முடியும்?

இந்த நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. என்னோடு படித்த மலாய்ப் பையன்களுக்குப் பத்து, பன்னிரண்டு வயதில் சுனாட் நடந்துவிடும். பள்ளி விடுமுறையில் ஊரே கூடி விருந்து வைக்கும். பிறகு அதைச் செய்யாதவனைக் கேலி செய்ய ஒரு சொல் கிடைத்துவிடும்: குலுப். முன்தோல் என்று பொருள். பேராக்கில் மூத்த மகனைச் செல்லமாகக் குலுப் என்று கூப்பிடும் பழைய வழக்கமும் உண்டு என்பது வேறு கதை. படிவம் இரண்டில் கழிவறையில் அந்தச் சொல்லை முதன்முதலில் என்மீது எறிந்தார்கள். கூடவே ‘கோத்தோர்’, அழுக்கு. நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அதுவும் அழுக்கான சொல்தான்.

அப்போது எனக்குப் பட்டது: அவர்கள் சுத்தம், நான் அசுத்தம், காரணம் ஒரு துண்டுத் தோல். இன்று வேறு மாதிரித் தெரிகிறது. அந்தப் பையன்களுக்குத் தோல் போனது மட்டும் நடக்கவில்லை. சமய வகுப்பில் உஸ்தாஸ் எப்படிக் கழுவ வேண்டும், எவ்வளவு கழுவ வேண்டும் என்று வெட்கமில்லாமல் சொல்லித் தந்திருந்தார். சிறுநீர் கழித்த பிறகு கழுவுவது தொழுகைக்கு முந்தைய கடமை. ஆகவே அதைப் பற்றிப் பேச அவர்களுக்குச் சொற்கள் இருந்தன. அதே மணி நேரத்தில் நாங்கள் பக்கத்து அறையில் நன்னெறிக் கல்வி படித்தோம். அந்தப் பாடத்தில் உடல் தூய்மையும் வந்தது. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்து எழுதினேன். நகம் வெட்டுவது, பல் துலக்குவது, குப்பையைத் தொட்டியில் போடுவது. முழு மதிப்பெண்.

2010-இல் நான் படிவம் ஒன்று. அந்த ஆண்டுதான் அரசு பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடத் தொடங்கியது. மாணவிகளை மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்களைத் திடலுக்கு அனுப்பினார்கள். ஏதோ பெண்கள் சமாச்சாரம் என்று நாங்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தோம். அதே கிருமி ஆண்களுக்கும் தொற்றும், ஆணுறுப்புப் புற்றுநோயிலும் அதற்குப் பங்குண்டு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பெண்களின் உடம்பை நம் சமூகம் கண்காணிக்கிறது, அடக்குகிறது, தீட்டு என்று ஒதுக்குகிறது. அதில் இருக்கும் கொடுமையோடு ஒப்பிட்டால் ஆண்களின் கதை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்காணிப்பின் ஓரத்தில் அம்மா மகளிடம் ஏதாவது நாலு வார்த்தையாவது பேசியாக வேண்டியிருக்கிறது. பையனின் உடம்பு கவலையில்லாதது என்று விட்டுவிடுகிறோம். ஐந்து வயது வரை அதற்குக் குஞ்சாமணி என்று செல்லப்பெயர், கொஞ்சல், கிள்ளல். ஆறு வயதில் டவுசர் போட்டதும் பெயர் போய்விடும். அதற்குப் பிறகு அந்த உறுப்புக்கு வீட்டில் இருக்கும் ஒரே பெயர் ‘அது’. வெளியில் கெட்ட வார்த்தை.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் உடம்பின் சுத்தத்துக்குத் தண்ணீரையும் உள்ளத்தின் சுத்தத்துக்கு உண்மையையும் சொல்கிறார். பள்ளியில் படித்தபோது இரண்டும் தனித்தனிக் காரியம், இரண்டாவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். என் எட்டு மாதத்தை நினைத்தால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. தண்ணீர் போதும் என்ற உண்மையை ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததால்தான் தண்ணீர் போதாமல் போனது.

இவ்வளவு எழுதிவிட்டு, வெட்கத்தின் பக்கத்தையும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டும் என்பவர்கள்மீது எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உடம்பில் ஒரு இடமாவது பிறர் கண்ணுக்கும் பேச்சுக்கும் அப்பால் இருக்கட்டும் என்று ஒரு மனிதன் விரும்பினால் அது பிற்போக்கு அல்ல. பிள்ளைகளின் முன் தன் உடம்பை ஒரு பிரச்சினையாகக் கொண்டுவரக்கூடாது என்று ஒரு தகப்பன் நினைப்பது கௌரவம் மட்டுமல்ல, ஒருவகை அன்பும்கூட. மௌனம் எப்போது மரியாதை, எப்போது கைவிடுதல்? இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் படித்திருந்தால் சுலபமாகப் பதில் எழுதியிருப்பேன். என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தபோது நானும் மௌனமாகத்தான் இருந்தேன்.

அப்பாவுக்குப் பல வருடமாக இனிப்புநீர். 2019 தேசிய ஆய்வின்படி இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். எங்கள் வீட்டில் அது ஆய்வு இல்லை, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும் இன்சுலின். இரண்டு வருடம் முன்பு அவருக்கு ஒரு புது மாத்திரை சேர்த்தார்கள். இரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் இனிப்பான சிறுநீர் முன்தோலுக்குள் தங்கினால் அங்கே பூஞ்சை வளரும். அழற்சி வரும், தோல் வெடிக்கும், வெடிப்பு ஆறித் தழும்பாகும், தழும்பு இறுகும். அடுத்த முறை தோல் பின்னுக்குப் போகாது. போகாததால் கழுவ முடியாது. மறுபடியும் சுற்று.

வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கவனித்தேன். அப்பா குளியலறையில் அரை மணி நேரம் இருப்பார். நடை கொஞ்சம் அகன்றிருந்தது. குழந்தை இல்லாத வீட்டில் ஜான்சன் பவுடர் டப்பா. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு பம்பின் சத்தம் மாறினாலே போய் மூடியைக் கழற்றிப் பார்ப்பேன், அதற்குத்தான் சம்பளம். இங்கே எனக்குச் சத்தம் கேட்டது. மூடியைத் தொடவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம். அந்த மருத்துவரின் படம் என் அலமாரியில் இருந்தும், எனக்கு நடந்தது நினைவில் இருந்தும், ஒரு வருடம். டெட்டோல் காலத்து அறியாமைக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

அம்மாதான் போனில் ஆரம்பித்தார். “அப்பா கைலியில ரத்தம்டா. கேட்டா மூலம்ங்கிறாரு. நீ கேளு, ஆம்பளைக்கு ஆம்பள.” அடுத்த சனிக்கிழமை அவரைக் காரில் ஏற்றினேன், டயர் மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லி. முகத்தைப் பார்க்காமல் பேசக் காரைவிட நல்ல இடம் கிடையாது.

“ப்பா, கீழ எரியுதா?”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

டோல் தாண்டினோம். வலதுபக்கம் செம்பனை, இடதுபக்கமும் செம்பனை.

“எனக்கும் ஒரு தடவ இருந்துச்சுப்பா. யூனில படிக்கிறப்ப. நோய்னு நெனச்சு டெட்டோல் போட்டுப் புண்ணாக்கிக்கிட்டேன்.”

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு, “ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“ம்.” சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கு இந்த வயசுல, வெளியில போய்ட்டு வந்தவன்னு நெனப்பாங்கடா. நர்ஸ் பிள்ளைங்கலாம் உன் தங்கச்சி வயசு.”

நான் பத்தொன்பது வயதில் போய் விழுந்த அதே குழி. உடம்பில் ஏதாவது வந்தால் ஒழுக்கத்தில் ஏதாவது போயிருக்க வேண்டும். முப்பது வருடம் ஒரே மனைவியோடு வாழ்ந்த மனிதர் ஒரு பூஞ்சைக்கு நற்சான்றிதழ் தேடிக்கொண்டிருந்தார்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்தோம். களிம்பு தந்தார்கள், பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தழும்பு அதிகமாகிவிட்டதால் முன்தோலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று நிபுணர் சொன்னார். இந்த நோய்க்கு அது சரியான வைத்தியம். எல்லாருக்கும் அது தேவை என்று அர்த்தமில்லை. ஆப்பிரிக்காவில் மூன்று நாடுகளில் நடந்த பரிசோதனைகளை வைத்து, எச்ஐவி பரவல் அதிகமான பகுதிகளுக்கு 2007-இல் உலக சுகாதார நிறுவனம் சுன்னத்தைப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை அந்த நிலைமைக்கு. எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது ஒரு வருடத்துக்கு முன் ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் களிம்போடு முடிந்திருக்கலாம்.

அப்பா அறுவைக்குப் பயப்படவில்லை. அவர் பயம் வேறு. அதை அவர் சொன்னபோதுதான் ஒரு துண்டுத் தோலின்மேல் இந்த நாட்டில் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. “நான் செத்த பின்னால யாராச்சும் பாத்து, மதம் மாறிட்டான்னு சொல்லித் தூக்கிட்டுப் போய்ட்டா?”

சிரிக்கத் தோன்றும். நான் சிரிக்கவில்லை. மலேசியாவின் எவரெஸ்ட் குழுவில் இருந்த மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறியிருந்தார் என்று சமய இலாகா சொன்னது, மனைவி இல்லை என்றார், வழக்கு நடந்தது, கடைசியில் முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். அப்பா அந்தச் செய்தியைத் தினமும் கத்தரித்து வைத்தவர். ஒரு தோலை வைத்து ஒருவர் எந்த மதம் என்று சட்டம் முடிவுசெய்யாது என்று விளக்கினேன். தலையாட்டினார். நிபுணரிடம் தானே ஒட்டை மலாயில் பேசி, இது மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்பட்டது என்று ஒரு கடிதம் கேட்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தக் கடிதம் இப்போது பிறப்புப் பத்திரம், வீட்டுப் பட்டா, இபிஎப் தாள்கள் இருக்கும் பிளாஸ்டிக் கோப்பில் இருக்கிறது. அம்மாவிடம் இடம் காட்டி வைத்திருக்கிறார்.

போன மாதம் தங்கை அவள் மூன்று வயது மகனைப் பற்றிக் கேட்டாள். நேரில் அல்ல, வாட்ஸ்அப்பில்: தோலை இழுத்துக் கழுவ வேண்டுமா, உள்ளே வெள்ளையாக உருண்டையாக ஏதோ தெரிகிறது, கட்டியா? அவள் கேட்டதே பெரிய விஷயம். இழுக்காதே என்று எழுதினேன். பிறக்கும்போது அந்தத் தோல் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும், தானாகப் பிரியும். 1949-இல் கெர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் இதை எழுதிய பிறகு பிரிட்டனில் கைக்குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் முன்தோல் வெட்டுவது மேலும் குறைந்தது. 1968-இல் டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் ஏறத்தாழ இரண்டாயிரம் பள்ளிப் பையன்களைப் பார்த்ததில், பதினேழு வயதில் பின்னுக்குப் போகாத தோல் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். அந்த வெள்ளை உருண்டை உதிர்ந்த செல்கள் சேர்ந்தது, தானே வெளியே வரும். சிவந்து வீங்கினாலோ, சிறுநீர் போகும்போது அழுதாலோ, தோல் பலூன் மாதிரி உப்பிச் சிறுநீர் சொட்டினாலோ டாக்டரிடம் காட்டு. பெரியவனாகித் தோல் தானாகப் பின்னுக்குப் போகத் தொடங்கும்போது அவனே கழுவக் கற்றுக்கொள்ள வேண்டும். யார் சொல்லித் தருவது என்று கேட்டாள். அவள் கணவரா, நானா என்று கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தட்டச்சு செய்து செய்து அழித்தோம்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கதையையும் சேர்த்து எழுதப்போகிறேன், அவர் வேண்டாம் என்றால் என் டெட்டோல் கதையோடு நிறுத்திக்கொள்வேன் என்றேன். கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தார், சர்க்கரை இல்லாததா என்று நான் கேட்கவில்லை. என் பேரைப் போடாதே, ஊரைப் போடாதே, நிபுணர் பேரையும் போடாதே என்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். இந்தப் பேரை மட்டும் சரியாகப் போடு, சாப்பிடுகிறவன் பார்த்துக்கொள்வான், ஆனால் பயந்து நிறுத்திவிடக்கூடாது என்றும் எழுது, நான் இன்னும் சாப்பிடுகிறேன் என்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, எழுத்து எழுத்தாக அவரே படித்துச் சொன்னார்: எம்பாகிளிபுளோசின்.